அப்படி யாரும் இங்கே இல்லை

சிலர் வீட்டுக்குள் இருக்கிறார்களா இல்லையா என்பது எதிர் வீட்டுக்காரருக்கே தெரியாது. மூன்றாம் மாடியின் கோடி வீட்டில் தனியாகக் குடியிருந்த அவர் அந்த ரகம். கதவைக்கூட, உள்ளே குழந்தை தூங்குகிறது என்பதுபோல அத்தனை மெதுவாகச் சாத்துவார். படியில் யாராவது எதிரே வந்தால் சுவரோடு சுவராக ஒதுங்கி வழி விடுவார். முகம் பார்த்துச் சிரிப்பது, சாப்பிட்டாச்சா என்று விசாரிப்பது, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கூடி நின்று புலம்புவது எதிலும் அவரைப் பார்க்க முடியாது. கட்டடத்துப் பிள்ளைகள் அவருக்கு 'ஊமை சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் எட்டியது. ஊமை என்றாலும் பின்னால் ஒரு 'சார்' ஒட்டியிருக்கிறதே என்று நினைத்துக்கொண்டார்.

அந்த மௌனம் பிறவியில் வந்ததல்ல. வாலிப வயதில் ஓர் இரும்புப் பட்டறையில் அவர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவர்தான். காற்று பலமாக அடித்த ஒரு நாள், ஜன்னலைத் திறந்து வைப்பதா மூடுவதா என்று பக்கத்து மேசைக்காரரோடு வாய்ச்சண்டை. ஒரு வார்த்தை வந்தது, அதற்கு ஒரு வார்த்தை போனது. கையில் இருந்த ஸ்பேனர் எப்போது உயர்ந்தது என்பது அவருக்கே தெரியாது. எதிராளிக்கு ஒரு காது போயிற்று. இவருக்குச் சிறை. தண்டனை முடிந்து வெளியே வந்தபோது அப்பா போய்ச் சேர்ந்திருந்தார். அக்கா வாசலில் நின்றபடியே ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருகிற நேரம் என்று மட்டும் சொன்னாள். தண்ணீரைக் குடித்துவிட்டு வேறு ஊர் பார்த்துக் கிளம்பியவர்தான். வாய் முன்னே போனால் கை பின்னாலேயே கிளம்பிவிடும் என்று தன்னைப் பற்றி அவருக்குள் ஒரு பயம் குடியேறிவிட்டது. வாயை மூடினால் கையும் அடங்கும் என்று ஒரு கணக்கு. தலைமுடி வெளுக்கும்வரை அந்தக் கணக்குத் தப்பவில்லை.

மேசை நாற்காலி, பூட்டு, கதவுக்கீல் பழுதுபார்க்கும் ஒரு ஒப்பந்தக்காரரிடம் இத்தனை காலமும் வேலை செய்தார். ஒப்பந்தக்காரர் வயதாகித் தொழிலை மூடினார். அவருக்காகப் பலமுறை பெஞ்சு சரிசெய்யப் போன ஒரு பள்ளிக்கூடத்தில், நிரந்தரமாக ஒரு பராமரிப்பு ஆள் தேவை என்று பலகையில் ஒட்டியிருந்தது.

அந்தப் பள்ளிக்கூடத்து நடைபாதையில் முழங்காலிட்டு வேலை செய்யும்போது, இடைவேளை மணி அடித்ததும் ஒரு சத்தம் கிளம்பும். கூரை பிய்த்துக்கொண்டு போகிற சத்தம். ஆசிரியர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். அவருக்கோ அந்தச் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்திருப்பது, குளிர்காலத்தில் வெயிலில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். தான் பேச வேண்டியதில்லை, தன்னைச் சுற்றி மனிதர்கள் பேசிக்கொண்டிருந்தால் போதும். பிழைப்பதற்கு வேறு வேலை கிடைக்காமல் போகாது. ஆனால் ஒரு வேலை வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டது இதுதான் முதல் தடவை.

ஆசைக்குக் குறுக்கே பழைய வழக்கு இருந்தது. இத்தனை வருடம் கழிந்த தண்டனையை வேலை கேட்கும் இடத்தில் சொல்ல வேண்டியதில்லை, சட்டமே அதை மறந்துவிட அனுமதிக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தார். பள்ளி அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் அம்மையாரிடம், யாரோ ஒரு மூன்றாம் மனிதருக்காகக் கேட்பதுபோல அதைக் கேட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பொறுமையாகப் பேசும் பெண்மணி அவர். கடையிலும் கிடங்கிலும் அது சரி, பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு அந்தச் சலுகை கிடையாது, எவ்வளவு பழசானாலும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று விளக்கினார். இவர் எழுந்திருக்கப் போனார்.

"உக்காருங்க சார். நடந்தது தடைன்னு நான் சொல்லலையே. என்ன நடந்துச்சு, எப்ப நடந்துச்சுன்னு பார்த்துத்தான் முடிவு பண்ணுவாங்க. மறைச்சாதான் தடை."

அவர் உட்கார்ந்தார். உண்மையை உள்ளபடி எழுதிக் கொடுத்தார். காவல்துறையிலிருந்து வந்த பதிலும் அவர் எழுதியதும் ஒத்துப்போயின. நிர்வாகத்தார் கூப்பிட்டு இரண்டு மூன்று கேள்வி கேட்டுவிட்டு, சரி, மற்ற விசாரணை முடியட்டும் என்றார்கள். அன்று வீட்டுக்கு நடந்தபோது தன் செருப்புச் சத்தம் அவருக்கே கேட்டது. வழக்கமாகக் கேட்காது.

மற்ற விசாரணை என்பது அக்கம்பக்கத்தில் கேட்பது. சொல்லாமல் கொள்ளாமல் ஓர் ஆள் வருவார். இந்த விலாசத்தில் இன்னார் இருக்கிறாரா, எப்படிப்பட்டவர் என்று கேட்பார். தெரியும் என்று குறைந்தது இரண்டு வீட்டார் சொல்ல வேண்டும். இது வெறும் சடங்கு, யாருக்கும் இதில் தடங்கல் வந்ததில்லை என்று அம்மையார் சொல்லியிருந்தார்.

அம்மையாரே மறுபடி கூப்பிட்டு அனுப்பியபோது, மேசைமேல் ஒரு தாள் இருந்தது. நெற்றிக்கண்ணாடி இறங்கி மூக்கில் உட்கார்ந்திருந்தது.

"வீடு ஏதாவது மாத்திட்டீங்களா சார்?"

இல்லை என்று தலையசைத்தார்.

"மூணு வீட்ல கேட்டிருக்காங்க. மூணு பேரும் ஒரே மாதிரி, அப்படி யாரும் இங்க இல்லைன்னு சொல்லியிருக்காங்க."

அவர் வாயடைத்துப் போனார். ஏற்கனவே அடைத்த வாய்தான் என்பதால் வித்தியாசம் வெளியே தெரியவில்லை. கழுத்துக்குக் கத்தியாக வரக்கூடிய உண்மையைத் துணிந்து சொன்ன மனிதர், தான் எங்கே குடியிருக்கிறார் என்பதில் பொய்யராகிவிட்டார். விலாசம் பொய் என்றால் சொன்னது எல்லாமே சந்தேகம்தான், இந்த இடம் மட்டுமல்ல, இனி எந்தப் பள்ளியும் சேர்க்காது என்று அம்மையார் வருத்தத்தோடு சொன்னார். ஒரே ஒரு தடவை மறுவிசாரணை கேட்கலாம். அந்த ஆள் மறுபடி வருவார் என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைக்கலாம். ஆனால் இதைச் சொல், அதைச் சொல்லாதே என்று சொல்லிக்கொடுக்கக் கூடாது. விசாரிக்க வருபவர் பழைய வழக்கைப் பற்றி வாயைத் திறக்க மாட்டார். அக்கம்பக்கத்தாருக்கு அதைச் சொல்வதும் சொல்லாததும் இவர் இஷ்டம்.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. அந்தக் கட்டடத்தில் யார் வந்து யாரைக் கேட்டாலும் பதில் அதுதான். முதல் மாடியில் ஒரு ஜோடி, வீட்டுக்குச் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு வந்தவர்கள். இரண்டாம் மாடியில் ஒருவர், சித்தப்பா போட்ட வழக்கில் சம்மன் வாங்காமல் நாள் கடத்துகிறவர். மூன்றாம் மாடியில் இவருக்கு நேர் எதிர் வீட்டில் ஒரு தையல்காரி, அடிக்கிற புருஷனிடமிருந்து பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவள். ஆளுக்கு ஆள் ஒளிய ஒரு காரணம் இருந்தது. கையில் கோப்போடு யார் வந்தாலும், 'அப்படி யாரும் இங்கே இல்லை.' யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவல்ல. கொட்டாவி மாதிரி ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றிக்கொண்டது.

கீழ் வீட்டில் இருந்த பஸ் டிரைவரிடம் முதலில் போனார். இத்தனை காலத்தில் அவர் தட்டிய முதல் கதவு அது. டிரைவர் பனியனோடு வந்து நின்று, விஷயத்தைக் கேட்டு, தலையில் அடித்துக்கொண்டார்.

"சார், அந்த ஆளு உங்க பேரைச் சொல்லிக் கேட்டான். உங்க பேரு எனக்கு எப்படித் தெரியும்? ஊமை சார் எங்கன்னு கேட்டிருந்தா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து விட்டிருப்பேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று டிரைவருக்கே தெரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். இவர் சிரித்தார். சிரிப்பு பழக்கமில்லாததால் இருமலாக வெளிவந்தது. அடுத்த தடவை வந்தால் தெரியும் என்று சொல்கிறேன், தெரிந்தது அவ்வளவுதான், கூடுதலாகவும் சொல்ல மாட்டேன், குறைவாகவும் சொல்ல மாட்டேன் என்று டிரைவர் வாக்குக் கொடுத்தார். பட்டறை வழக்கைப் பற்றி அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. வாசற்படியில் நின்று சொல்கிற விஷயமா அது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு படியேறினார்.

எதிர் வீட்டுக் கதவு எப்போதும் பாதி திறந்திருக்கும், காற்றுக்காக. குறுக்கே ஒரு திரை. உள்ளே தையல்காரி பள்ளிச் சீருடைகளுக்குக் காலர் அடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய மகள் தரையில் குப்புறப் படுத்து வரைபடத்துக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் படிப்பதும் அதே பள்ளிக்கூடம்தான்.

அவரைப் பார்த்ததும் தையல்காரி எழுந்தாள். அவர் தொடங்குவதற்கு முன்னாலேயே ஆரம்பித்தாள். கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு ஓர் ஆள் வந்தான், எத்தனை வருடமாக இருக்கிறார், யார் வந்து போகிறார்கள் என்று துளைத்து எடுத்தான், தான் கொஞ்சமும் அசரவில்லை என்று குரலில் ஒரு பெருமையோடு சொன்னாள்.

"என் வீட்டுக்காரரோட அண்ணன் வந்து இங்க நின்னப்ப நீங்க என்ன சொன்னீங்க? கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். அப்படி யாரும் இங்க இல்லைன்னீங்க. நமக்கும் ஒரு நாள் வரும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன் சார். வந்துச்சு."

அவருக்கு நினைவிருந்தது. மீசையை நீவிக்கொண்டு வந்த ஒரு தடித்த மனிதர். தான் அன்று சொன்ன பொய்யை ஒரு ஜீவன் கேட்டது, கேட்டு மனதில் வைத்திருந்தது என்பது இப்போதுதான் தெரிந்தது. இந்தக் கட்டடத்தில் தன்னை யாரும் கவனிப்பதில்லை என்று அவர் நம்பியிருந்ததற்கு நடுவில், இங்கே ஒருத்தி அவருக்கு நன்றி செலுத்தக் காத்திருந்திருக்கிறாள். செலுத்தியும்விட்டாள். அதில்தான் அவர் குடி முழுகியது.

விசாரிக்க வந்தவர் வேலை விஷயமாக வந்தவர், மறுபடி வருவார், தெரிந்ததைச் சொல்லுங்கள். இவ்வளவு சொன்னால் போதும். சட்டம் அதற்குமேல் கேட்கவில்லை. அவளும் தலையாட்டியிருப்பாள். அவர் தரையில் கிடந்த வரைபடத்தைப் பார்த்தார். கடலுக்கு அந்தப் பெண் பச்சை அடித்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா கொஞ்சம் கீழ போயிட்டு வரட்டுமா?" என்றார்.

தையல்காரியின் முகம் மாறியது. மகளை நூல்கண்டு வாங்கிவர அனுப்பினாள். அவர் நின்றபடியே சொன்னார். எந்தப் பள்ளிக்கூடத்தில் வேலை என்பதை முதலில் சொன்னார், பிறகு பட்டறை, ஸ்பேனர், காது, சிறை. ஒப்பித்ததுபோல வந்தது. ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அவருக்கு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

அவள் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். ஊசியின் கீழ் பாதியில் நின்ற காலரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குச் சண்டை?"

"ஜன்னல்."

"ஜன்னலா?"

"திறக்கணுமா மூடணுமான்னு."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஏதாவது பெரிய காரணம் இருந்திருந்தால் அவளுக்கும் சுலபமாக இருந்திருக்கும். அவருக்கும்தான்.

"அந்த மனுஷன்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?"

"கோர்ட்ல வச்சுக் கேட்டேன். ஆனா கேக்காத காதுதான் என் பக்கம் இருந்துச்சு."

கீழே யாரோ வாளியை நகர்த்தினார்கள்.

"இதை என்கிட்ட சொல்லணும்னு சட்டம் இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் சொன்னீங்க?"

"பாப்பா அங்க படிக்குது."

தையல்காரி காலரைத் திருப்பிப் போட்டாள். திரும்ப நேராகப் போட்டாள். "நீங்க போங்க சார்" என்றாள். கோபமில்லை. கோபமாக இருந்திருந்தால் அவருக்கு அதோடு பழக்கம் உண்டு.

மறுநாள் எதிர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அதற்கு மறுநாளும். வெக்கையான நாள்கள்தான், ஆனாலும் சாத்தியிருந்தது. அந்தப் பெண் பள்ளிக்குக் கிளம்பும்போது தாய் கூடவே படியிறங்கிப் போவது கேட்டது. முன்பெல்லாம் அவள் தனியாக ஓடுவாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சரிதான் என்று நினைத்தார். வாயே திறக்காத நுணல், ஒரே ஒரு தடவை திறந்தது. வேலை போனால் போகட்டும் என்று மனதைத் தேற்றிப் பார்த்தார். வேலை ஒன்றுதான் போகிறது என்றால் தேற்றியிருக்கலாம். திரைக்குப் பின்னால் ஒருத்தி தனக்காக நன்றியோடு காத்திருந்தாள் என்பது தெரிந்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் அதையும் தானே கலைத்தாயிற்று. அந்த ஒரு நிமிடத்தைத்தான் அவர் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லாமல் இருந்திருந்தால் அவள் கொடுக்கிற சாட்சி தன்னைப் பற்றியதாக இருந்திருக்காது, தன்னைப் போல இருக்கிற வேறொருவனைப் பற்றியதாக இருந்திருக்கும் என்று ஒரு சமயம் தோன்றும். அந்த வேறொருவனாகவே இருந்துவிட்டுப் போயிருக்கலாமே என்று அடுத்த சமயம் தோன்றும்.

வார இறுதியில் விசாரிக்கிறவர் வந்தார். கீழே டிரைவரின் குரல் கேட்டது, சிரிப்பும் கேட்டது. செருப்புச் சத்தம் படியேறி வந்து எதிர் வீட்டுக் கதவைத் தட்டியது. இவர் தன் கதவுக்குப் பின்னால் நின்றார். ஒட்டுக்கேட்பது தவறு என்று தெரியும். கால் நகரவில்லை.

போன தடவை தான் சொன்னது பொய் என்று தையல்காரி முதலிலேயே சொல்லிவிட்டாள். ஏன் பொய் சொன்னீர்கள் என்று அந்த ஆள் கேட்டார். இந்தக் கட்டடத்தில் யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வோம், உங்களுக்கென்று தனியாகச் சொல்லவில்லை என்றாள். தாளில் பேனா ஓடும் இடைவெளி.

"ஆள் எப்படி?"

"சத்தமே இருக்காது. அவர் வீட்டுக்கு யாரும் வந்து நான் பார்த்ததில்ல. ஒரு தடவைகூட."

"கோபக்காரரா?"

கதவுக்குப் பின்னால் அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் பார்த்த வரைக்கும் இல்ல. நான் பார்க்காததை அவரே சொல்லியிருக்கார்."

அந்த ஆளுக்குப் புரிந்திருக்க வேண்டும். கொஞ்சம் தயங்கி, அப்படியென்றால் பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டார். அந்த நேரத்தில் கட்டடமே மூச்சடக்கி நின்றதுபோல அவருக்கு இருந்தது.

"என் பொண்ணு அங்கதான் படிக்கிறா. இதுக்காக நான் ஸ்கூலை மாத்தப் போறதில்ல. அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும். எழுதிக்குங்க."

செருப்புச் சத்தம் இறங்கிப் போனது. பிறகு அவருடைய கதவு தட்டப்பட்டது. அவர் திறந்தபோது தையல்காரி ஓரடி தள்ளியே நின்றாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

"கேட்டிருப்பீங்க."

அவர் தலையசைத்தார். நன்றி என்று சொல்ல வாயெடுத்தார். அவள் கையைத் தூக்கி நிறுத்தினாள்.

"நீங்க மறைக்காம சொன்னீங்க, அதுக்கு நான் உண்மையைச் சொன்னேன். அது அதோட சரி. என் பொண்ணு விஷயம் வேற சார். நான் ஒருத்தன் கைக்குப் பயந்து ஓடி வந்தவ. ஸ்கூல்ல அவகிட்ட நீங்க பேச வேணாம். அவளா வந்து பேசினாலும் வேணாம்."

அவர் சரி என்றார். அவளுக்கு அது கேட்டதா என்று சந்தேகம் வந்து, இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்க, சரி என்றார்.

வேலை உத்தரவு வந்தது. முதல் நாள், அலுவலக அம்மையார் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு, கடைசியாக ஒரு கேள்வி பாக்கி என்றார். பள்ளியில் வேலை செய்கிற எல்லோரிடமும் கேட்பதுதான்; இங்கே படிக்கிற பிள்ளைகளில் உறவுக்காரர், அறிந்தவர், அக்கம்பக்கத்தார் யாராவது உண்டா? இருந்தால் முன்கூட்டியே தெரிவித்துவிட வேண்டும்.

வெளியே இடைவேளை மணி அடித்தது. சத்தம் கிளம்பி ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. அது ஓயட்டும் என்று அவர் காத்திருந்தார். ஓய்கிற சத்தமாக இல்லை.

"எதிர் வீட்டுப் பொண்ணு ஒண்ணு படிக்குது" என்றார், குரலை உயர்த்தி.

"பழக்கமா?"

"இல்லைங்க. அதுகிட்ட நான் பேசறதில்ல."

அம்மையார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "ஏன் சார், வீட்டுக்காரங்களோட ஏதாவது மனஸ்தாபமா?"

"மனஸ்தாபம் இல்லைங்க" என்றார் அவர். "அவங்க அம்மாவுக்கு என்னை நல்லாத் தெரியும்."

அம்மையார் அவரையே சற்று நேரம் பார்த்தார். பிறகு குனிந்து, அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதிக்கொண்டார். அவர் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு, பிள்ளைகள் முட்டி மோதி ஓடிக்கொண்டிருந்த நடைபாதைக்குள் இறங்கினார். பழக்கம் விடவில்லை, சுவரோடு சுவராகத்தான் நடந்தார்.